மூன்றரை லட்சத்துக்கு ஆடியோ சிஸ்டமா? வாங்கலாம்... ஆனா இந்தக் கணக்கைப் பார்த்துட்டு வாங்குங்க!



அவசர கால நிதி பற்றிப் பேசின வீடியோவுக்குப் பிறகு திருச்சியிலிருந்து ஒரு நேயர் நீளமாக மெயில் அனுப்பியிருந்தார். வயது 53. தனியார் நிறுவன வேலை, ஓய்வு பெற இன்னும் 5 வருடம். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. மகள் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஒரு எஃப்.டி. முதிர்ந்து கையில் ரூ.3.5 லட்சம் வந்திருக்கிறது. அதை அப்படியே போட்டு ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயர், ஒரு ஜோடி பெரிய ஸ்பீக்கர், ஒரு டர்ன்டேபிள் வாங்கணும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை. மனைவி, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க பாட்டுப் பெட்டி?" என்கிறாராம். கடைசி வரியில் கேட்டிருந்தார்: "நீங்களே சொல்லுங்க சார், இது வீண் செலவா?"

நம்ம சேனலைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள் பதிலை இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். மியூச்சுவல் ஃபண்டில் போடுங்க, மிச்சப்படுத்துங்க, ஸ்பீக்கர் எல்லாம் தேயும் சொத்து என்று சொல்வேன் என நினைப்பீர்கள். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. வாங்கலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் அவர் போட்டிருக்கிற பட்டியலை அப்படியே வாங்கக் கூடாது, அவர் யோசிக்கிற முறையில் பணம் கட்டவும் கூடாது.

முதலில் இந்த ஆசையை நாம கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கணும். 53 வயது என்றால் அவர் பள்ளிக்கூடம் போனது முழுக்க கேசட் காலம். பேப்பரில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு போய் ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, 60 நிமிஷ கேசட்டா 90 நிமிஷ கேசட்டா என்று யோசித்து, "ரெண்டு நாள் கழிச்சு வா தம்பி" என்று சொன்னதும் காத்திருந்த தலைமுறை. ஸ்பீக்கரைக் கழற்றி மண்பானைக்குள் வைத்து பேஸ் வரவழைத்தவர்கள். எந்த டவுன் பஸ்ஸில் செட் நல்லா இருக்கும் என்று தெரிந்து, அந்த பஸ்ஸுக்காக முன்னால் வந்த பஸ்ஸை விட்டவர்கள். 1986-ல் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ வந்தபோது இவருக்கு 14 வயசு, 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது 20. அந்த ஆல்பங்களில் வயலின் எங்கே நிற்கிறது, பேஸ் கிட்டார் எங்கே நடக்கிறது என்று பிரித்துக் கேட்கிற ஒரு மெஷின் வேண்டும் என்று அப்போதே தோன்றியிருக்கும். அப்போது பணம் இல்லை. அப்புறம் கல்யாணம், வீடு, ஸ்கூல் ஃபீஸ். இப்போதுதான் கை கொஞ்சம் காலியாகியிருக்கிறது. இதைப் போய் புது போன் வாங்கும் ஆசையோடு ஒரே தராசில் வைக்கிறது நியாயமில்லை.

சரி, கணக்குக்கு வருவோம்.

ரூ.3.5 லட்சத்தை வருடம் 10% வளர்ச்சி தரும் ஒன்றில் 10 வருடம் போட்டால் சுமார் ரூ.9 லட்சம் ஆகும். இந்த எண்ணைக் காட்டித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். "9 லட்சத்துக்கு பாட்டு கேட்கப் போறியா?" என்பார்கள். ஆனால் விலைவாசி வருடம் 6% ஏறினால், அந்த 9 லட்சத்தின் இன்றைய மதிப்பு 5 லட்சம் சொச்சம்தான். இதில் வரி வேறு. அதாவது இந்த ஆசையைத் தள்ளிப்போட்டால் இன்றைய பணத்தில் அவருக்கு மிஞ்சுவது சுமார் ஒன்றரை லட்சம். அது சின்னத் தொகை என்று நான் சொல்லவில்லை. ஆனா 9 லட்சம் வேற, ஒன்றரை லட்சம் வேற.

இன்னொரு பக்கம் பாருங்க. தள்ளிப்போட்டால் இழப்பது என்ன? இதைத்தான் பண ஆலோசகர்கள் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. காது. மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று புத்தகத்தில் படித்திருப்போம். அது இளம் வயதுக் காதின் கணக்கு. வயது ஏற ஏற மேல் ஸ்தாயி ஒலிகள் முதலில் போகும். ஐம்பதுகளில் பலருக்கு 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பது கஷ்டம். இது நோய் இல்லை, எல்லோருக்கும் நடப்பது, திரும்பி வராதது. ஜால்ராவின் சிணுங்கல், ஹை-ஹாட்டின் ஓரம், பாடகரின் மூச்சு, இதெல்லாம் அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. 63 வயதில் ரூ.9 லட்சம் இருக்கலாம், கேட்கிற காது இப்போது இருப்பது போல இருக்காது. நம்ம ஊரில் எல்லா ஆசைக்கும் "ரிட்டயர் ஆனப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒரே பதில்தான். கோயில் சுற்றுலாவுக்கு அது சரி வரலாம், காதுக்கு வராது.

இதையே கடைக்காரரிடமும் திருப்பிப் போடலாம் என்பது கூடுதல் லாபம். 40,000 ஹெர்ட்ஸ் வரை பாடும் ட்வீட்டர் என்று சொல்லி கூடுதலாக ஐம்பதாயிரம் கேட்டால், "என் காது 12,000-லயே நின்னுடுச்சு அண்ணே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். 1982-ல் வந்த சி.டி.யின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரமே மனிதக் காதின் எல்லை முழுவதையும் பதிவு செய்யப் போதுமானது. அதற்கு மேலே உள்ள எண்களுக்குக் காசு கொடுப்பது உங்கள் இஷ்டம்.

வாங்கும் முன் இந்த மூன்றும் இருக்கா?

நம்ம சேனலின் பழைய பாட்டுதான், ஆனால் இந்த இடத்தில் விட முடியாது. ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கணும். குடும்பம் முழுமைக்கும் ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கணும், அலுவலகம் தருவது மட்டும் போதாது, ஏனென்றால் 58-ல் வேலையோடு அதுவும் போய்விடும். மகளின் மீதி இரண்டு வருட ஃபீஸ் ஒதுக்கப்பட்டிருக்கணும். நம்ம நேயருக்கு முதலாவதும் மூன்றாவதும் இருக்கிறது. இரண்டாவது இல்லை, ஆபீஸ் பாலிசி மட்டும்தான். ஆகவே என் முதல் நிபந்தனை, ஸ்பீக்கர் கடைக்குப் போவதற்கு முன் சொந்தப் பெயரில் பாலிசி. 53-ல் எடுப்பதும் 58-ல் எடுப்பதும் ஒன்றல்ல. பிரீமியம் மட்டுமில்லை, இடையில் சுகர், பி.பி. வந்துவிட்டால் காத்திருப்புக் காலம் என்று ஒன்று குறுக்கே நிற்கும்.

இரண்டாவது நிபந்தனை, தவணை கூடாது. "கையில் இருக்கும் பணத்தை வைத்துக்கொண்டு, நோ காஸ்ட் ஈ.எம்.ஐ.யில் 24 மாதம் கட்டலாமா?" என்றும் கேட்டிருக்கிறார். நோ காஸ்ட் என்ற பெயரைப் பார்த்து மயங்காதீங்க. வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் கழிக்கிறார், அவ்வளவுதான். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்தத் தள்ளுபடியை நீங்களே கேட்டு வாங்கியிருக்கலாம். அதோடு பிராசஸிங் கட்டணம், கிரெடிட் கார்டு ஈ.எம்.ஐ. என்றால் வட்டிப் பகுதிக்கு 18% ஜி.எஸ்.டி. வேறு. ஒரு மாதம் தவறினால் கார்டு வட்டி மாதத்துக்கு 3 முதல் 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 40-ஐத் தொடும். ஆடியோ மாதிரி விஷயத்தில் தவணைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: ஒன்றரை லட்சத்தோடு நிற்க வேண்டியவர், "மாசம் இன்னும் மூவாயிரம்தானே" என்று இரண்டரைக்குப் போய்விடுவார்.

பாட்டு கேக்கறவரா, பெட்டி கேக்கறவரா?

இதுதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான கேள்வி. ரூ.2.7 லட்சத்துக்கு ஒரு சிஸ்டம் வாங்கி, 10 வருடம் கழித்து ரூ.70,000-க்கு விற்றால் நிகரச் செலவு 2 லட்சம். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் 3,650 மணி நேரம், ஒரு மணிக்கு ரூ.55. தியேட்டரில் பாப்கார்ன் விலை கூட இல்லை. அதே சிஸ்டத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் போட்டால் 520 மணி நேரம், ஒரு மணிக்கு ரூ.385. பெட்டி அதே பெட்டிதான், செலவு ஏழு மடங்கு.

அதனால் அவருக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன், உங்களுக்கும்தான். வாங்குவதற்கு முன் ஒரு மாதம், இப்போது கையில் இருக்கும் எதிலாவது, அது பழைய டேப் ரெக்கார்டரோ ஹெட்போனோ, எத்தனை மணி நேரம் வேறு வேலை செய்யாமல் பாட்டு கேட்கிறீர்கள் என்று காலண்டரில் எழுதுங்க. சமைக்கும்போது ஓடுவது, கார் ஓட்டும்போது ஓடுவது கணக்கில் வராது. மாதம் 20 மணி நேரம் தாண்டினால் நீங்க பாட்டு கேக்கறவர். இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டு, இருபது மணி நேரம் ஸ்பீக்கர் விமர்சன வீடியோ பார்த்திருந்தால் உங்களுக்குப் பிடித்திருப்பது பெட்டி. அதுவும் தப்பில்லை. ஆனால் அந்த ஆசை ஒரு பெட்டியோடு நிற்காது, வருடா வருடம் பணம் கேட்கும். ரூ.80,000-க்கு வாங்கின ஆம்ப்ளிஃபயரை ஒரே வருடத்தில் ரூ.45,000-க்குத் தள்ளிவிட்டு அடுத்ததை வாங்குகிற பழக்கம் வந்தால், இரண்டு முறை மாற்றினாலே ரூ.70,000 காற்றோடு போச்சு.

"சார், இது முதலீடு, பழசானா விலை ஏறும்" என்று ஒரு குரல் எப்போதும் வரும். பழைய டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 டர்ன்டேபிளை உதாரணம் காட்டுவார்கள். 1972-ல் வந்த மெஷின், 2010-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள், இனி கிடைக்காது என்று நினைத்தவர்கள் பாதுகாத்து வைத்தார்கள். 2016-ல் கம்பெனியே மறுபடியும் புதிதாகக் கொண்டுவந்துவிட்டது. அபூர்வம் என்பதை முடிவு செய்கிற அதிகாரம் உங்கள் கையில் இல்லை. சிலதுக்கு விலை நிற்கும், உண்மைதான். ஆனால் நம்ம ஊர் உப்புக்காற்றிலும் ஈரத்திலும் ஸ்பீக்கர் கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் பொடிப்பொடியாக உதிரும், கெப்பாசிட்டர் காயும், எல்.பி. ரெக்கார்டில் பூஞ்சை பிடிக்கும், மே மாத வெயிலில் வளையும். இதைச் செலவு என்று மனதார எழுதிவிட்டு வாங்குங்க, நிம்மதியாகக் கேட்கலாம். ஒரே ஒரு நல்ல செய்தி: சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயரை விற்று ஒருவேளை லாபமே வந்தாலும், நகை, ஓவியம் போல அது மூலதனச் சொத்தாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

இப்போது அவருடைய பட்டியல். ஸ்பீக்கர் 1.2 லட்சம், ஆம்ப்ளிஃபயர் 1.2 லட்சம், டர்ன்டேபிள் 70 ஆயிரம், கேபிள் மட்டும் 40 ஆயிரம். இந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர் பத்தடி தூரத்துக்குத் தாராளமாகப் போதும். 40 ஆயிரம் ரூபாய் வயரில் பாட்டு மாறுகிறது என்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: எது ஓடுகிறது என்று தெரியாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து முறை சரியாகச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து வீட்டு எர்த்திங்கை ஒழுங்கு பண்ணுங்க. ஸ்பீக்கரில் வரும் "ம்ம்ம்" என்ற இரைச்சலில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

ஆம்ப்ளிஃபயருக்கும் அவ்வளவு தேவையில்லை. வாட்ஸ் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு அது கொஞ்சம் சத்தம் கூடினது போலத்தான் தெரியும். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும். சாதாரண ஸ்பீக்கரே ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் பக்கம் கொடுத்துவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நீங்க பெரும்பாலான நேரம் ஓட்டுவது ஒன்று, இரண்டு வாட்ஸில்தான். அதற்கு மேலே நீண்ட நேரம் போனால் காதுக்கே கேடு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்.

பணம் போக வேண்டிய இடம் ஸ்பீக்கரும் அறையும். நம்ம வீடுகளை நினைத்துப் பாருங்க: சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, மேலே கான்கிரீட். கை தட்டினால் "டிங்" என்று திரும்பி வரும். அந்த அறையில் பத்து லட்ச ரூபாய் ஸ்பீக்கர் வைத்தாலும் பாடகர் குளியலறையில் நின்று பாடுவார். தடிமனான ஜமக்காளம், கனமான திரை, பின்சுவரில் புத்தக அலமாரி, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து வைப்பது, இதற்கு 25 ஆயிரம் ஒதுக்கினால் வித்தியாசம் அந்த வீட்டு அம்மாவுக்கே தெரியும்.

ஆகவே என் கணக்கு: ஸ்பீக்கர் 1.5 லட்சம், ஆம்ப்ளிஃபயர் 70 ஆயிரம், சி.டி. தரத்தில் ஸ்ட்ரீமிங் பண்ணும் ஒரு ப்ளேயர் 25 ஆயிரம், அறைக்கு 25 ஆயிரம். மொத்தம் 2.7 லட்சம். மீதி 80 ஆயிரத்தில் ஹெல்த் பாலிசியின் முதல் பிரீமியம் போக, மிச்சத்தை ஒரு வருடம் தொடாமல் வையுங்க. டர்ன்டேபிள் இப்போதைக்கு வேண்டாம். அவரிடம் இருப்பது மொத்தம் 11 எல்.பி. ரெக்கார்டாம். ஊசி 500 முதல் 1,000 மணி நேரத்தில் தேயும், புது ரெக்கார்டு விலை வேறு கையைக் கடிக்கும். ஒரு வருடம் கழித்தும் அந்த 11 ரெக்கார்டு கனவில் வந்தால் அப்போது வாங்கிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. நல்ல சிஸ்டம் வந்ததும் எல்லா பழைய பாட்டும் நன்றாகிவிடும் என்று எதிர்பார்க்காதீங்க. எழுபதுகளின் பாட்டுகள் பல, தேய்ந்த ரெக்கார்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ டிஜிட்டலுக்கு வந்தவை. நல்ல ஸ்பீக்கர் அந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் கடைக்குப் போகும்போது கடைக்காரர் போடும் அந்த வெளிநாட்டு கிட்டார் பாட்டைக் கேட்டு மயங்காமல், நீங்க தினமும் கேட்கும் பத்துப் பாட்டை எடுத்துட்டுப் போங்க. இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது ஒலி அளவு சமமாக இருக்கணும். ஒரு டெசிபல் கூடுதலாக ஓடுவது நம் காதுக்கு "நல்லா இருக்கு" என்றே படும், விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பழையது வாங்குவதானால் இன்னும் மலிவாக முடியும், ஆனால் ஜப்பானிலிருந்து வந்த ஆம்ப்ளிஃபயர் பல 100 வோல்ட்டில் ஓடுபவை. நம்ம 230 வோல்ட் பிளக்கில் நேராகச் சொருகினால் புகைதான் மிச்சம். ட்ரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

தரைத்தளத்தில் வீடு என்றால் இன்ஷூரன்ஸ் பேச்சு வந்தே ஆகணும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை வீட்டு ஹாலுக்குள் தண்ணீர் வந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் கட்டடத்தோடு வீட்டுப் பொருள்களுக்கும் கவரேஜ் உண்டு, வெள்ளம், இடி எல்லாம் அதில் வரும். ஆனால் ஷார்ட் சர்க்யூட்டில் மெஷின் தானே எரிந்துபோவது போன்றவற்றுக்கு விலக்கு இருக்கிறது, கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படிங்க. பில்லை மெயிலில் ஸ்கேன் பண்ணி வைங்க.

கடைசியாக, அவர் மனைவி. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களிடம் ஒரு பழைய ஜோக் உண்டு: "நான் போனப்புறம், நான் சொன்ன விலைக்கே இதை எல்லாம் என் பொண்டாட்டி வித்துடுவாளோன்னுதான் பயம்." சிரிப்பு வரும், ஆனால் உள்ளே இருப்பது பணத்தை மறைக்கும் பழக்கம். இரண்டு லட்சத்தை "முப்பதாயிரம்மா" என்று சொல்லி வாங்கினால், நாளை அவர் இல்லாதபோது யாரோ ஒருவர் "அக்கா, பழைய சாமான், பத்தாயிரம் தரேன்" என்று தூக்கிக்கொண்டு போவார். அந்த அம்மாவுக்கு ஏமாந்ததுகூடத் தெரியாது. அதனால் முழு விலையையும் சொல்லுங்க சார். மாடல் பெயர், சீரியல் நம்பர், வாங்கின விலை, பழையதாக விற்றால் வரக்கூடிய விலை, நம்பிக்கையான ஒரு நண்பரின் போன் நம்பர், இவ்வளவும் ஒரு தாளில் எழுதி எல்.ஐ.சி. பத்திரம் இருக்கும் ஃபைலில் வையுங்க. அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க, பெட்டியோடு இருந்தால் நல்ல விலை போகும்.

டெமோ கேட்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்க. பத்துப் பாட்டில் ஐந்து அவர் சொல்வதாக இருக்கட்டும். அப்போதும் வேண்டாம் என்று அவர் சொன்னால், அந்த 2.7 லட்சம் வெறும் எண் இல்லை, அவருக்கு வேறு ஏதோ பயம் இருக்கிறது என்று அர்த்தம். பாலிசி, மகள் கல்யாணம், ரிட்டயர் ஆனப்புறம் மாத வருமானம், எதுவாகவும் இருக்கலாம். அதை முதலில் உட்கார்ந்து பேசுங்க, தேவைப்பட்டால் இரண்டு பேரும் சேர்ந்தே எனக்கு மெயில் போடுங்க. கடையில் கொட்டேஷன் வாங்கினதும் பணம் கட்டும் முன் ஒரு காப்பி அனுப்பி வைங்க சார், கேபிள் என்று ஏதாவது ஒரு வரி மறுபடியும் நுழைந்திருக்கா என்று பார்த்துச் சொல்றேன்.